பிடாரி தூரம் தாங்குவாளா?

பிப்ரவரி 3

தம்பிக்கு,

சேணம் தைக்கிறவர் உன்னை அங்கே பார்த்ததாகச் சொல்லி இந்த முகவரியைக் கொடுத்தார். ஏதோ மருத்துவமனைக்குத் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாயாம். உன் பழைய நம்பருக்கு அடித்தால் யாரோ ஓர் அம்மா எடுத்து, "இது என் நம்பர், இனிமே கூப்பிடாதீங்க" என்று எரிந்து விழுகிறாள். மூன்று தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் கடிதம்.

நலம் விசாரிக்க எழுதவில்லை. பிடாரியைப் பற்றிக் கேட்க எழுதுகிறேன்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. நீ போன பிறகு ஆயிரத்து இருநூறு மீட்டரில் ஐந்து பந்தயம் ஜெயித்திருக்கிறாள். பந்தயக் கேட் திறந்தால் ஒரே பாய்ச்சல்தான். முதுகில் இருப்பது ஜாக்கியா மூட்டையா என்று அவளுக்குக் கவலை கிடையாது. ஆனால் இந்த வருடம் மூன்று வயதுக் குட்டிகள் எல்லாம் அவளைத் தாண்டிப் போகின்றன. வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது.

அவளுடைய முதலாளி பல் டாக்டர் போன வாரம் வந்தார். லாயத்துக் கதவில் சாய்ந்துகொண்டு, "ஏப்ரல்ல பெண் குதிரைகளுக்கு இரண்டாயிரம் மீட்டர் பந்தயம் இருக்கே, அதுல போடுங்க. தாங்கினா வெச்சுக்கலாம். தாங்காதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வாங்க ஒருத்தர் தயாரா இருக்கார்" என்றார். அந்த ஒருத்தர் யாரென்று எனக்குத் தெரியும். கெட்டித் தரையில் வாரத்துக்கு ஒரு பந்தயம் ஓட விடுகிற ஆள். பிடாரியின் இடது முன்னங்கால் நரம்பு ஒரு முறை வீங்கி ஆறியது. அங்கே போனால் அந்தக் கால் ஒரு வருடம்கூட நிற்காது.

தாங்குவாள் என்று நான் சொல்லி, அவள் தாங்காமல் போனாலும் அதே கதிதான். மூச்சு தீர்ந்த குதிரை காலைத் தாறுமாறாக வைக்கும். எந்தக் கால் முதலில் போகும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் கொடுக்க மார்ச் 20 கடைசி நாள். ஆயிரத்து இருநூறுக்கு மேல் அவள் முதுகில் உட்கார்ந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அதனால் கேட்கிறேன். தூரம் தாங்குவாளா, மாட்டாளா?

காலையில் எழுது. தெளிவாக இருக்கும்போது எழுது.

அக்கா


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தெளிவாக இருக்கும்போதுதான் படித்தேன், தெளிவாக இருக்கும்போதுதான் எழுதுகிறேன். மணி காலை ஏழு. எதிரே ஒரு குவளை டீ. வேறு எதுவும் இல்லை, நம்பலாம்.

இங்கே எனக்கு விரிப்பு மடிக்கிற வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு விரிப்பு. ஒரு ஆளால் மடிக்க முடியாது, இரண்டு பேர் எதிரெதிரே நின்று மூலையைப் பிடித்து நடந்து வந்து சேர்க்க வேண்டும். என் எதிரில் நிற்பவர் ஒரு வருடமாக என்னிடம் பேசியது "மூலை" என்ற ஒரு சொல்தான். நான் மூலையைத் தவறவிட்டால் சொல்வார். மற்றபடி ஒரு நாளைக்கு எண்ணூறு தடவை கைக்குக் கை தொடுகிறோம், அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அறை மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். மழை வருகிறதா என்று கையை நீட்டித்தான் பார்க்க வேண்டும்.

பிடாரி விஷயம். சும்மா கேட்டால் சும்மாதான் பதில் சொல்ல முடியும். சில விஷயங்களைத் தாங்கள் கவனித்து எழுத வேண்டும். காலை ஓட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே கடிவாளத்தோடு மல்லுக்கு நிற்கிறாளா, இல்லை பக்கத்தில் வேறு குதிரை வந்தால் மட்டுமா? ஆயிரத்து அறுநூறு ஓடவிட்டால் முதல் நானூறும் கடைசி நானூறும் எத்தனை வினாடி? இறங்கி நடந்த பிறகு விலா ஏறி இறங்குவது அடங்க எத்தனை நிமிடம்? அன்றைக்குச் சாயங்காலம் தொட்டியில் தீனி மிச்சம் இருக்கிறதா? தூரம் தாங்காத குதிரை தீனியை மிச்சம் வைக்கும். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதுகிறேன்.

அவள் அம்மா இரண்டாயிரத்து நானூறு ஓடியவள். அப்பன்தான் அவசரக்காரன். எந்தப் பக்கம் எடுத்திருக்கிறாள் என்று ரத்தத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

தம்பி


பிப்ரவரி 17

டேய்,

"தங்கள்" என்றா எழுதுகிறாய்? யாருக்கு இந்த மரியாதை? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவளுக்கு "மதிப்பிற்குரிய" போட்டுக் கடிதமா? இன்னொரு தடவை அப்படி எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

நீ கேட்டதெல்லாம் கவனித்தேன். இப்போது அவள் மேல் ஏறுகிறவன் நெட்டை. அன்றைக்கு ஆயிரத்து எண்ணூறில் உன்னைத் தாண்டி ஜெயித்த அதே நெட்டைதான். அவன் இருந்த லாயத்தை மூடிவிட்டார்கள், போன வருடம் நம்மிடம் வந்தான். நல்ல கை, பொறுமைசாலி. அவனையே அழ வைக்கிறாள்.

வியாழக்கிழமை தனியாக ஆயிரத்து அறுநூறு ஓட விட்டேன். பக்கத்தில் குதிரை இல்லை, காகம்கூட இல்லை. முதல் நானூறு இருபத்து மூன்று வினாடி. நெட்டை கிட்டத்தட்ட நின்றுகொண்டே இழுக்கிறான், "மெதுவா, மெதுவா" என்று கெஞ்சுவது வேலி வரைக்கும் கேட்கிறது. அவன் கெஞ்சக் கெஞ்ச அவள் எகிறுகிறாள். கடைசி நானூறு இருபத்தொன்பது. வாயெல்லாம் நுரை. நெட்டை இறங்கி இரண்டு உள்ளங்கையையும் காட்டினான், தோல் உரிந்திருந்தது. "அக்கா, இவளுக்குக் காது கேக்குமா கேக்காதா?" என்றான்.

ஆனால் ஒன்று. விலா பன்னிரண்டு நிமிடத்தில் அடங்கிவிட்டது. சாயங்காலம் தொட்டியை நக்கித் துடைத்து வைத்திருந்தாள். அதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இருபத்தொன்பது வினாடிக்குத் தவழ்ந்த குதிரைக்கு இவ்வளவு பசி எங்கிருந்து வந்தது?

இன்னொரு கூத்து. நேற்று லாயத்தில் தண்ணீர் வாளியைத் தூக்கிப் போகிறவர்களிடம், "சிந்தாம மெதுவா எடுத்துட்டுப் போங்க" என்றேன். உள்ளே இருந்த பிடாரி கதவை உதைத்து ஒரு பலகையை உடைத்துவிட்டாள். ஏன் என்றே தெரியவில்லை.

இங்கே எல்லாம் பழையபடிதான். காலையில் முப்பது பேரோடு கத்துகிறேன். பத்து மணிக்கு மேல் யாரும் இல்லை. தனியாக இருக்கிறது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் சனியனைத் தொடாதே.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் கூரையைக் கட்டையால் தட்டினார். இங்கே நான் சிரித்து அவர் கேட்டதே இல்லை, பாவம், பயந்திருப்பார்.

வாளி எடுத்தவர்கள்மேல் தப்பில்லை. நெட்டைமேலும் தப்பில்லை. தப்பு என்மேல்.

பிடாரிக்கு இரண்டு வயதில் கேட் என்றால் மகா பயம், உனக்கு ஞாபகம் இருக்கும். திறந்ததும் மற்றக் குதிரைகள் போன பிறகு நின்று யோசிப்பாள். பக்கத்துக் கேட்டில் இருப்பவர்கள் எல்லாம் "ஹோய்", "ஹை" என்று காட்டுக் கத்தல் போடுவார்கள், அதில் அவள் இன்னும் மிரளுவாள். நான் கத்தவில்லை. குனிந்து காதுப்பக்கம், "மெதுவா போடி, ஒண்ணும் அவசரமில்ல, மெதுவா" என்று கொஞ்சுவேன். கொஞ்சிக்கொண்டே குதிகாலால் ஒரு குத்து. விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஒரு மாதம் தினமும் அப்படி. அப்புறம் குத்தே வேண்டியிருக்கவில்லை. "மெதுவா" என்றாலே பறந்தாள். எனக்கு அதில் ஒரே பெருமை. பந்தயத்தில் மற்றவர்கள் காதில் விழுந்தாலும் நான் குதிரையை அடக்குகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? உன்னிடம்கூடச் சொல்லவில்லை.

ஆக, பாவம் நெட்டை. மூன்று வருடமாக எல்லாரும் அவளிடம் "ஓடு, ஓடு" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள். அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடிக்கொண்டிருக்கிறாள். அடங்காப்பிடாரி என்று பெயர் வைத்தது நாம்தான்.

நெட்டையை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல். முடியாவிட்டால் வாயில் கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளட்டும். கடிவாளத்தை இழுக்காமல் கழுத்தில் கையை வைத்துக்கொண்டால் போதும். முதல் நானூறு இருபத்தேழுக்கு வந்தால், கடைசி நானூறு உனக்குப் பதில் சொல்லும்.

தம்பி

அந்தச் சனியனைத் தொடுவதில்லை.


மார்ச் 6

தம்பிக்கு,

நீ நாசமாய்ப் போக. மூன்று வருடம்! நான்கு ஜாக்கிகளின் தோள்பட்டை! ஒரு கதவு!

நெட்டையிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நேரே போய்ப் பிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிடுடி" என்றான். மறுநாள் நிஜமாகவே கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு ஏறினான். முதல் நாள் அவள் பழக்கத்தில் கொஞ்சம் முறுக்கினாள். மூன்றாம் நாள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறாள், கடைக்குப் போகிற மாதிரி. முதல் நானூறு இருபத்தேழரை. கடைசி நானூறு இருபத்தைந்து. ஸ்டாப் வாட்ச் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன்.

இனிமேல்தான் நான் உண்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. கோபப்படாமல் படி.

காலை ஓட்டம் வேறு, பந்தயம் வேறு. பந்தயத்தில் அவள் ஆயிரத்து இருநூறைத் தாண்டியது ஒரே ஒரு தடவை. அன்று நீதான் மேலே. ஆயிரத்து அறுநூறு வரைக்கும் முன்னால் வந்தாள். கடைசி இருநூறில் தொய்ந்தாள், நெட்டை தாண்டினான். இறங்கியதும் நீ பல் டாக்டரிடம், "குதிரை தீர்ந்துபோச்சு சார், தூரம் தாங்காது" என்று சொன்னாய். அதை நானும் கேட்டேன். அந்த வார்த்தையை வைத்துத்தான் மூன்று வருடமாக அவளைச் சின்னத் தூரத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன்.

ஆனால் அன்று நீ எந்த நிலையில் இருந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். எடை பார்க்கும் அறைக்குப் பின்னால் உன்னைப் பிடித்து, "குடிச்சிருக்கியா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாய். குடித்தவன் கையில் இருந்த குதிரையை வைத்து எதைத் தீர்மானிப்பது? அவள் தீர்ந்துபோனாளா, அல்லது நீ தூங்கிவிட்டாயா? உனக்கு அந்தப் பந்தயம் ஞாபகமாவது இருக்கிறதா?

இருந்தால் உள்ளதை உள்ளபடி எழுது. அவள் காலை நினைத்துக்கொண்டு எழுது. 20-ஆம் தேதிக்குள் நான் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும்.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

ஒவ்வொரு அடியும் ஞாபகம் இருக்கிறது. நான் குடிக்கவில்லை. அன்றும் இல்லை, என்றும் இல்லை. அந்த வாசனையே எனக்கு ஆகாது.

எனக்கு இடது கண் தெரியாது.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுவது சுலபம். அதற்கு முந்தைய வருடம் காலை ஓட்டத்தில் கீழே விழுந்தேன் அல்லவா? எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறியதாக நீ எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாய். அப்போது ஆரம்பித்தது. முதலில் ஓரத்தில் ஓர் அழுக்கு மாதிரி. அப்புறம் திரை இறங்குகிற மாதிரி. வேறு ஊர் டாக்டரிடம் போனேன். "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் செய்வதற்கில்லை. லைசென்ஸுக்காகக் கண் பார்க்கும்போது, இடது கண்ணை மூடச் சொன்னாலும் வலது கண்ணை மூடச் சொன்னாலும் விரலை விரித்து வைத்துக்கொண்டு வலது கண்ணாலேயே படித்தேன். இரண்டு தடவையும் பாஸ்.

உன்னை ஏமாற்ற முடியவில்லை. டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினேன், நீ பார்த்தாய். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேன், அதையும் பார்த்தாய். நீயாக ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

இப்போது பந்தயம். நம் மைதானத்தில் வலப்பக்கம் வளைவு, வேலி வலது கைக்கு. பின்னாலிருந்து வருகிறவன் இடப்பக்கமாகத்தான் வர வேண்டும். கடைசி வளைவு திரும்பியபோது பிடாரி இரண்டு குதிரை நீளம் முன்னால். அவள் பலம் முழுக்க என் கையில் இருந்தது, அக்கா. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், போகட்டுமா போகட்டுமா என்று. நான் விடவில்லை. யாரும் பக்கத்தில் இல்லை, கால் ஆறி ஆறு மாதம்தான் ஆகிறது, எதற்குக் கசக்க வேண்டும் என்று கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டம் கத்துகிறது, எனக்குத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அவளுடைய இடது காது பின்னால் திரும்பியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொன்னாள், எனக்குத்தான் புரியவில்லை. நெட்டையின் குதிரைத் தலை என் முன்னால் வந்த பிறகுதான் பார்த்தேன். அப்போது முடிவுக்கோடு வந்துவிட்டது.

அவள் தொய்யவில்லை. நான் பிடித்து வைத்திருந்தேன். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இறங்கியதும் பல் டாக்டர், "என்ன ஆச்சு?" என்றார். குதிரைக்குப் பேச வாய் இல்லை. பழியை அவள்மேல் போட்டேன். பத்து நிமிடம் கழித்து நீ வந்து குடியா என்று கேட்டபோது, ஆமாம் என்றேன். குடிகாரன் ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு மறுபடி ஏறலாம். கண் போனவன் ஏறவே முடியாது. அந்த ஒரு நொடியில் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அந்த ஆறு மாதம் எப்போது முடிந்தது என்று கவனிக்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: ஆயிரத்து எண்ணூறில் அவளிடம் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. இரண்டாயிரம் தாங்குவாள் என்பது என் தீர்ப்பு. ஆனால் பொய் சொன்னவனின் தீர்ப்பு இது. நெட்டையைக் கேள். தாண்டும்போது அவளைப் பக்கத்தில் பார்த்தவன் அவன்தான்.

தம்பி


மார்ச் 18

பிடாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ பதற்றத்தில் படிப்பாய்.

நெட்டையைக் கேட்டேன். உன் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பந்தயத்தில் என்ன பார்த்தாய் என்று மட்டும் கேட்டேன். "அவ கழுத்து வில்லு மாதிரி வளைஞ்சு இருந்துச்சுக்கா. தீர்ந்த குதிரை கழுத்தை நீட்டிடும். தாண்டுறப்போ காதை மடக்கி என்னைக் கடிக்க வந்தா. உங்க தம்பிதான் திரும்பியே பாக்கல. திமிருன்னு நெனச்சேன்" என்றான். மூன்று வருடமாக இது அவனிடமே இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

இனி உன் விஷயம். நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உன் இடப்பக்கம் வந்தவன் நெட்டை. அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. நீ ஒரு முழம் இடப்பக்கம் நகர்ந்திருந்தால் இரண்டு குதிரையும் கீழே, அவனும் கீழே. அதற்கு முன்னால் ஒரு வருடம் பந்தயத்துக்குப் பந்தயம் எத்தனை பேர் உன் இடப்பக்கம் ஓடியிருப்பார்கள்? உன்னை மன்னிக்க முடியவில்லை. மன்னிக்க முடிந்ததும் எழுதலாம் என்று பார்த்தேன், அதற்குள் தேதி போய்விடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. தம்பி குடியில் விழுந்துவிட்டான், அதனால்தான் குதிரையைவிட்டு இறக்கினேன் என்று பல் டாக்டரிடம் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். மறைக்காமல் சொல்கிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சேணம் தைக்கிறவர் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி இப்ப குடிக்கறதில்ல போலிருக்கு, ஆளு தெளிவா இருக்கான்" என்றார். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதனால்தான் உனக்கு எழுதவே துணிந்தேன்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அக்கா


ஏப்ரல் 7

தம்பிக்கு,

நேற்று ஓடினாள். முதலில் காலைப் பற்றி: சில்லென்று இருக்கிறது. நேற்று மாலை மூன்று முறை, இன்று காலை இரண்டு முறை தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, சூடு இல்லை.

ஒன்பது குதிரைகள். நெட்டை வாயைத் திறக்கவில்லை. கேட்டிலிருந்து சுமாராகக் கிளம்பி நாலாவதாகப் போய்க்கொண்டிருந்தாள். முதல் நானூறு இருபத்தாறு. பக்கத்தில் நின்ற பல் டாக்டர், "என்னங்க, இன்னைக்கு இவளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அவர் அவளை அமைதியாகப் பார்த்ததே இல்லை. எதிர்ப்பக்கத்து நேர்கோட்டில் காதை முன்னால் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தபடி வந்தாள். நானூறு மீட்டர் இருக்கும்போது தானாக முன்னால் வந்தாள்.

கடைசி இருநூறில் இடப்பக்கம் ஒரு சாம்பல் குதிரை வந்தது. அந்த இடம் வந்ததும் நான் குதிரைகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் இடது முன்னங்காலை மட்டும் பார்த்தேன். சாம்பல் அரை நீளம் தாண்டியது. போச்சு, உன் பேச்சை நம்பி அவளைக் கொன்றேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் அடியை நீட்டினாள். ஒவ்வோர் அடியாக அந்த அரை நீளத்தைத் திரும்பப் பிடித்தாள். கோட்டில் மூக்கு வித்தியாசத்தில் சாம்பல். கோட்டைத் தாண்டி ஐம்பது மீட்டரில் பிடாரிதான் முன்னால், நெட்டையால் நிறுத்தவே முடியவில்லை.

இரண்டாவது இடம். எனக்கு முதலிடத்தைவிடப் பெரியது. விலா பதினான்கு நிமிடத்தில் அடங்கியது. தொட்டியில் ஒன்றும் மிச்சம் இல்லை. பல் டாக்டர் குழந்தை மாதிரி குதித்தார். "யார் விக்கப்போறா? அடுத்த சீசன்ல இன்னும் நீளமா ஒண்ணு பாருங்க" என்றார். அவள் இங்கேயே இருப்பாள்.

பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "என் தம்பி அன்னைக்குக் குடிக்கல. நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "அப்ப என்ன ஆச்சு?" என்றார். அதை அவன்தான் சொல்ல வேண்டும் என்றேன். நெட்டையிடமும் அதுவரைக்கும் சொன்னேன். மற்றதை ஒருநாள் நீயே அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

எல்லாரும் போன பிறகு கையில் பந்தய முடிவுப் பட்டியலோடு வேலியோரம் நின்றேன். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. முப்பது பேர் இருந்தார்கள், ஆனால் எனக்கு வேண்டியது நீ.

நீ இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. பயிற்சியாளர் என்ற முறையில் என்னிடம் சொல்ல முடியாது, சரி. அக்காவிடம் சொல்லியிருக்கலாமே?

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

நான்கு தடவை படித்தேன். சாம்பல் தாண்டுகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் பயந்தேன். வேலைக்கு எடுத்துப் போனேன். இடைவேளையில் படித்துக்கொண்டிருந்தபோது என் எதிரில் மடிப்பவர், "என்ன, வீட்டுல நல்ல சேதியா?" என்று கேட்டார். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இரண்டாவதாக வந்திருக்கிறாள் என்றேன். பரீட்சை என்று நினைத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

உன் கேள்வி. அதைத் தவிர்க்கத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன், ஏனென்றால் பதில் உனக்கு வலிக்கும். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. தப்பு செய்தவன் நான்தான், நெட்டையின் முகத்தைப் பார்க்க வேண்டியவனும் நான்தான்.

அன்று எடை பார்க்கும் அறைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளப் போகவில்லை. நீ தேடி வருவாய் என்று தெரிந்து, உனக்காகத்தான் நின்றேன். சொல்லிவிட முடிவு செய்திருந்தேன். சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். நீ வந்தாய். பல் டாக்டர், "என்ன ஆச்சு" என்று கேட்டிருந்தார், குதிரையைப் பற்றி. நீ என் முகத்துக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "குடிச்சிருக்கியா?" என்றாய். மூக்கை வைத்துப் பார்த்தும் அப்படிக் கேட்டாய்.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்பதற்கு யாரையும் நான் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

பிடாரியைப் பத்து நாள் நடக்க மட்டும் விடு. வெயில் ஏறுவதற்குள் உள்ளே கட்டிவிடு.

தம்பி


ஏப்ரல் 20, பகல்

இதைத் தபாலில் போடவில்லை. உன் வேலை இடத்து வாசலில் உட்கார்ந்து முழங்கால்மேல் வைத்து எழுதுகிறேன். நேற்றுக் காலை பஸ் ஏறினேன். லாயத்தை நெட்டை பார்த்துக்கொள்கிறான்.

வாசலில் இருப்பவர் உள்ளே விடமாட்டேன் என்கிறார். வேலை நேரத்தில் பார்க்கக் கூடாதாம். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அக்கா என்றேன். "அவருக்கு யாரும் இல்லன்னு சொன்னாரே" என்றார். அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், சீட்டு எழுதிக் கொடுங்க, கொண்டுபோய்த் தரேன் என்று காகிதம் கொடுத்தார்.

பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். உன் கையில் இருக்கும் விரிப்பை மடித்து முடித்துவிட்டு வெளியே வா. நீ வெளியே வந்தால் உன் இடப்பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தேன், இப்போது எழுந்து உன் வலப்பக்கம் வந்துவிட்டேன்.

நேரில் கேட்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நீ வரும்வரை என்னால் பொறுக்க முடியாது.

என்னடா ஆச்சு?